36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் உள்ளூர்

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற ஒரு செயற்கைக்கோளுக்கு வட அமெரிக்கா முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். நியூயார்க்கின் அடுக்குமாடியும் தெரியும், மொன்டானாவின் மாட்டுப் பண்ணையும் தெரியும். ஆனால் அந்தப் பண்ணைக்காரருக்கு அவருடைய பக்கத்து ஊர் டிவி நிலையத்தை அதே செயற்கைக்கோள் வழியாகக் காட்டுவதற்கு, அமெரிக்கா இருபது வருடங்களுக்கு மேல் கோர்ட்டிலும் காங்கிரஸிலும் சண்டை போட்டது.

நமக்கு இது சட்டென்று பிடிபடாது. நம் டிடிஎச்சில் ஒரே சிக்னல்தான் நாடு முழுக்க விழுகிறது. தில்லியில் உட்கார்ந்து சன் டிவி பார்க்கிறவரை யாரும் "உங்க ஊர் எது?" என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் கேட்பார்கள். சிபிஎஸ், என்பிசி, ஏபிசி போன்ற நெட்வொர்க்குகள் ஊருக்கு ஊர் இருக்கும் நிலையங்கள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகின்றன. அந்த நிலையங்களில் பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. ராத்திரித் தொடர் நெட்வொர்க்குடையது. சாயங்காலச் செய்தி, வானிலை, பக்கத்துத் தெரு கார் ஷோரூம் விளம்பரம் எல்லாம் நிலையத்துடையது. நீல்சன் நிறுவனம் நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் வீடு எந்தச் சந்தைக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் உள்ளூர். அது உங்கள் மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பிரச்சினை டிவியோடு சேர்ந்தே பிறந்தது. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் மலை வந்தால் தீர்ந்தது. 1948-இல் பென்சில்வேனியாவின் மஹனாய் சிட்டியில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருந்த ஜான் வால்சன், மலைமேல் ஒரு கம்பம் நட்டு, அதில் ஆன்டெனா கட்டி, கடை வரைக்கும் ஒயர் இழுத்தார் என்பார்கள். மலை மறைத்த ஊரில் டிவிப் பெட்டி விற்க வேறு வழியில்லை. அதே வருடம் ஓரிகனின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ், சியாட்டில் நிலையத்தைப் பிடிக்க ஓட்டல் கூரையில் ஆன்டெனா வைத்தார். கேபிள் டிவிக்கு யார் தகப்பன் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வால்சனின் கணக்கு வழக்குகள் தீயில் போய்விட்டன. எனக்கு இதில் யார் முந்தி என்பது பெரிதாகப் படவில்லை. இரண்டு பேருமே தூரத்து ஊரின் அலையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் செப்டம்பரில் அரசு புது நிலைய அனுமதிகளை வேறு நிறுத்திவைத்தது. 1952 ஏப்ரல் வரை தடை நீடித்தது. சின்ன ஊர்களின் பசி அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

1976-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் தன் வீட்டுக்கே ஒரு டிஷ் செய்துகொண்டார். அடுத்த பத்தாண்டில் கிராமப்புற வீடுகளின் கொல்லையில் மூன்று மீட்டர் அகல டிஷ்கள் முளைத்தன. இப்போது நிலையங்களுக்குப் பயம் வந்தது. மொன்டானாக்காரர் நேராக நியூயார்க் சிபிஎஸ்ஸைப் பார்த்தால், உள்ளூர் சிபிஎஸ்ஸின் விளம்பரத்தை யார் பார்ப்பது? விளம்பரம் போனால் உள்ளூர்ச் செய்தியாளரின் சம்பளம் போகும். நெட்வொர்க் மேல் எனக்கு அனுதாபம் கிடையாது. ஆனால் அந்தச் செய்தியாளரின் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

1988-இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. வெளியூர் நெட்வொர்க் நிலையத்தை டிஷ் வழியாகப் பார்க்கலாம், ஆனால் 'சேவை கிடைக்காத வீடு' மட்டும். எது அந்த வீடு? வழக்கமான கூரை ஆன்டெனா வைத்தும் உள்ளூர் நிலையத்தின் 'கிரேடு பி' அளவு சிக்னல் கிடைக்காத வீடு. கிரேடு பி ஐம்பதுகளில் வகுத்த அளவுகோல். நிலையம் சென்றடையும் எல்லையில் பாதி இடங்களிலாவது, 90 சதவீத நேரம், சுமாரான ஆளுக்குச் சகிக்கும்படியான படம் தெரிய வேண்டும். கவனியுங்கள், சட்டம் வானத்தைப் பற்றியது. அதன் அளவுகோல் கூரையில் இருக்கிற அலுமினியக் கம்பி.

கம்பெனிகள் சுருக்கு வழி எடுத்தன. பிரைம்டைம் 24 என்ற நிறுவனம் சந்தாதாரரிடம் "ஆன்டெனால படம் ஓரளவு நல்லா தெரியுதா?" என்று கேட்டு, இல்லை என்றால் இணைப்புக் கொடுத்தது. யார் ஆமாம் என்று சொல்லப் போகிறார்கள்? நெட்வொர்க்குகள் மயாமி நீதிமன்றத்துக்குப் போயின. சட்டம் பேசுவது சிக்னல் வலுவை, பார்ப்பவரின் ரசனையை அல்ல என்று 1998-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு இணைப்புப் போகும் நிலை. காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதம் குவிந்தது.

இந்த இடத்தில்தான் என் தொழில்காரர்கள் கதைக்குள் வருகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அளக்க முடியாது, கணினியே சொல்லட்டும் என்று 1999-இல் எஃப்சிசி முடிவெடுத்தது. அதற்கு எடுத்துக்கொண்டது லாங்லி-ரைஸ் மாதிரி. கொலராடோவின் போல்டரில் அனிதா லாங்லியும் பில் ரைஸும் 1968-இல் வெளியிட்ட கணிப்பு முறை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மேடு பள்ளங்களைக் கொடுத்தால் அலை எவ்வளவு தேயும் என்று சொல்லும். அதன் நிரல் இன்று இணையத்தில் பொதுவில் இருக்கிறது. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து படித்தேன். எத்தனை சதவீத நேரம், எத்தனை சதவீத இடம், எவ்வளவு நம்பிக்கை என்று மூன்று எண்களை உள்ளே வாங்கிக்கொள்கிறது. நாடகம் பார்க்க உனக்கு உரிமை உண்டா என்ற கேள்வி கடைசியில் இந்த மூன்று எண்களில் போய் நின்றதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். எழுதியவர்கள் இப்படியொரு வேலைக்கு இது போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கணினி "உங்க வீட்டுக்குக் கிடைக்கும்" என்றால், ஆனால் உண்மையில் கிடைக்கவில்லை என்றால்? நிலையத்திடம் விலக்கு கேட்க முடிந்தது. 30 நாளில் பதில் வராவிட்டால் விலக்கு கிடைத்ததாகப் பொருள் கொண்டார்கள். மறுத்தால் நேரில் வந்து அளக்கச் சொல்ல முடிந்தது. ஒரு மாடி வீட்டுக்கு ஆன்டெனாவை 6.1 மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது, அதற்கு மேல் என்றால் 9.1 மீட்டர், குறைந்தது ஐந்து அளவீடுகள். நெடுந்தூர லாரிக்கும் சுற்றுலா வண்டிக்கும் மட்டும் தனிச் சலுகை. உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அவை 'சேவை கிடைக்காத வீடு'தான். ஊர் இல்லாதவருக்கு உள்ளூரும் இல்லை என்று சட்டமே ஒத்துக்கொண்ட இடம் இது.

அதே 1999 நவம்பரில் வந்த சட்டம்தான், ஒரு சந்தையின் நிலையங்களை அதே சந்தைக்குச் செயற்கைக்கோள் வழியாகத் திருப்பிக் கொடுக்க அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஒரு சந்தையில் ஒரு நிலையத்தைக் கொடுத்தால், கேட்கிற மற்ற நிலையங்களையும் கொடுக்க வேண்டும். 2002 ஜனவரி 1 முதல் இது அமல். உரிமை வந்துவிட்டது, இடம்தான் இல்லை. டெக்சாஸின் ஒரு சின்ன ஊர் நிலையத்தைக் கண்டம் முழுக்கத் தெளிப்பது எவ்வளவு பெரிய வீண்! எச்டி வந்தபோது இன்னும் மோசம். கூரை ஆன்டெனாவுக்கு வரும் ஒளிபரப்பு 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்கு 19.39 மெகாபிட். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை அப்படியே மேலே தூக்க எந்தச் செயற்கைக்கோளாலும் முடியாது.

பொறியாளர்கள் கண்ட வழி ஸ்பாட் பீம். நாடு முழுவதற்கும் ஒரே வெளிச்சம் அடிக்காமல், டார்ச் லைட் மாதிரி தனித்தனி வட்டங்கள். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் வட்டங்களில் அதே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்தலாம். செல்போன் கோபுரங்கள் செய்கிற அதே வேலை. டைரக்டிவி 2001 நவம்பரில் இப்படி ஒன்றை அனுப்பியது. 2005-இல் ஸ்பேஸ்வே 1, 2 என இரண்டு போயின. அவை முதலில் இணையச் சேவைக்காக வடிவமைத்தவை. அவற்றை உள்ளூர் எச்டிக்கு மாற்றிக்கொண்டார்கள், எம்பெக்-4 சுருக்கத்தோடு. போட்டி நிறுவனமான டிஷ், சில சந்தைகளில் சின்ன நிலையங்களை மட்டும் வேறொரு செயற்கைக்கோளில் ஒதுக்கி, அதற்கு இரண்டாவது டிஷ் மாட்டச் சொன்னது. 2004 சட்டம் அதற்கு முடிவு கட்டியது. வெளியூர்ச் சேனலைத் தகுதியில்லாத வீடுகளுக்கும் கொடுத்ததற்காக 2006 டிசம்பரில் நீதிமன்றம் டிஷ்ஷின் வெளியூர் நெட்வொர்க் சேவையையே நிறுத்தியது. 2010-இல் அதைத் திரும்ப வாங்க அது கொடுத்த விலை, 210 சந்தைகளுக்கும் உள்ளூர்ச் சேவை. மொன்டானாவின் கிளென்டைவ் வரைக்கும். அதுதான் கடைசிச் சந்தை, 210-வது.

இதற்கு நடுவில் ஆன்டெனா செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்கள் அனலாக்கை அணைத்தன. பழைய பெட்டிக்கு மாற்றுக் கருவி வாங்க அரசு வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் கொடுத்தது. பலரும் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள், கூரைக் கம்பியில் சும்மா வரும் எச்டி, டிஷ் மறுபடி சுருக்கி அனுப்பும் எச்டியைவிடப் பெரும்பாலும் தெளிவு. ஆனால் ஒரு சுகம் போனது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகப் பனி விழும். ஆனாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் ஒரு அளவு வரை பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே கறுப்பு. 'சகிக்கும்படியான படம்' என்ற ஒன்றே இல்லாமல் போனது.

இப்போது அந்த மாநில எல்லை விஷயம். கொலராடோவின் தென்மேற்கு மூலையில் லா பிளாட்டா மாவட்டம். டுராங்கோ அதன் தலைநகர். நீல்சன் கணக்கில் அது நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி சந்தை. டிஷ் வைத்திருந்த கொலராடோக்காரர்கள் பக்கத்து மாநில ஆளுநரின் செய்தியையும் அவர்களுடைய தேர்தல் விளம்பரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டென்வரில் போடுகிற வரி அவர்கள் தலையில். டென்வர் செய்தி இல்லை. டென்வர் கால்பந்து அணியின் ஆட்டமும் சில நேரம் கிடைக்காது. கோபம் அதில்தான் அதிகம் என்று நினைக்கிறேன். மாவட்டங்களே மனுப் போட 2014 சட்டம் வழி விட்டது. லா பிளாட்டா போட்டது. 2017-இல் எஃப்சிசி டென்வர் நிலையங்களுக்கு அனுமதி தந்தது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்பாட் பீம் விழவில்லை என்றால், நிறுவனம் கொடுக்கக் கட்டாயமில்லை. பீமின் வட்டம் ஆன்டெனாவை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மேலே போன பிறகு திருத்தத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. மனு, விசாரணை, ஆணை எல்லாம் முடிந்தும் சில வீடுகளுக்குப் பதில், வட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள் என்பதுதான்.

அந்த மலை நாடுகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. தூரத்து நிலையத்தின் அலையை மலை உச்சியில் பிடித்து, வேறு சேனலில் பள்ளத்தாக்குக்குள் மறுபடி அனுப்பும் சின்ன டிரான்ஸ்லேட்டர்கள். பலவற்றை மாவட்ட நிர்வாகமும் ஊர்ச் சங்கங்களும் நடத்துகின்றன. அவற்றில் ஒன்று பனிக்காலத்தில் பழுதாகிவிட்டால், யாராவது மலையேறிப் போய்ச் சரிசெய்துவிட்டு வருகிறார்கள்.