117 நாள், 7 ஆட்டம்: சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணியில் நீடிக்க முடியாமல் போனது ஏன்?

சேலம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இந்தியாவுக்காக டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றிலும் ஆடியிருக்கிறார். ஆனால் முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. என்ன நடந்தது?

யார் இந்த நடராஜன்?

1991-ல் சின்னப்பம்பட்டியில் பிறந்தவர். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை நடத்தியவர். 20 வயது வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். ஊர்க்கார அண்ணன் ஜெயபிரகாஷ்தான் சென்னைக்கு வழிகாட்டினார். அந்த நன்றிக்காகவே ஜெர்சியில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார்.

முதல் சறுக்கல் எப்போது?

2015-ல் ரஞ்சியில் அறிமுகமானதுமே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. கையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2016 டிஎன்பிஎல் தொடரில் ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே இறக்கினார். 2017-ல் பஞ்சாப் 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடுத்து ஹைதராபாத்துக்குப் போனவருக்கு 2018, 2019 சீசன்களில் ஒரு ஆட்டம்கூட கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் என்ன செய்தார்?

2020 ஐபிஎல்-ல் 16 விக்கெட். வலைப்பயிற்சி பவுலராகத்தான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். மற்ற பவுலர்களுக்கு அடுத்தடுத்து காயம் ஏற்பட, வாய்ப்பு இவருக்கு வந்தது. டிசம்பர் 2-ல் ஒருநாள், டிசம்பர் 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் இவர்தான். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றதே இல்லாத அந்த மைதானத்தில் இந்தியா ஜெயித்தது. முதல் இன்னிங்ஸில் நடராஜனுக்கு 3 விக்கெட்.

கடைசி ஆட்டம் எது?

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. களத்தில் செட்டாகி நின்றவர் சாம் கரண். பந்து நடராஜன் கையில். இந்தியா 7 ரன்னில் வென்றது. அடுத்த மாதமே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு இந்திய ஜெர்சி திரும்பக் கிடைக்கவில்லை. கணக்கு 7 ஆட்டம், 13 விக்கெட்டோடு நிற்கிறது.

அத்தோடு முடிந்ததா?

இல்லை. 2024 ஐபிஎல்-ல் 19 விக்கெட் எடுத்தார். 2025 சீசனுக்கு டெல்லி அணி 10.75 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. அதற்கு முன்பே, 2023 ஜூனில், சொந்த ஊரில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். நடராஜன் சின்னப் பையனாக இருந்தபோது சின்னப்பம்பட்டியில் அப்படியொரு மைதானம் இல்லை. இப்போது அங்கே பந்து போடும் பசங்களுக்கு இருக்கிறது.