நிறையும் திணிவும்

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் விடைத்தாளை விஞ்ஞான ஆசிரியர் நம்மிடம் கொணர்ந்து நீட்டினார். “இது உங்கள் தமிழ் செய்த வேலை” என்றார். திணிவையும் வேகத்தையும் பெருக்க வருவது உந்தம் என்பது பாடநூல் கூற்று. மாணவனோ, நிறையையும் கதியையும் பெருக்க வருவது உந்தம் என எழுதியிருந்தான். பாடநூலைப் பார்த்தெழுதாமல் சொந்த நடையில் எழுதுக என்று அவ்வகுப்புக்கு ஓயாது கூறி வந்தவர் நாமே.

சொந்த நடை என்பதற்கு அவன் கொண்ட பொருள், ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இனச்சொல்லை வைத்தல். பழி அவனுடையதன்று. இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

திண்ணைப் பள்ளிகளிற் சூடாமணி நிகண்டை மனப்பாடஞ் செய்வதே கல்வியின் பெரும்பகுதியாக இருந்தது. அதன் முதற்பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தருவன. 1849இல் சென்னை சென்ற ஆறுமுக நாவலர் அங்கு அச்சிட்டவற்றுள் இந்நிகண்டின் உரைப்பதிப்பும் ஒன்று என்பது அந்நூலுக்கிருந்த தேவையைக் காட்டும். செய்யுளியற்றுவோனுக்கு எதுகையும் மோனையும் வேண்டும். ஆதலின் ஒரு பொருளுக்குப் பத்துச் சொற்கள் அவனுக்குச் செல்வம். உரையெழுதுவோனுக்கும் அவ்வாறே. நிகண்டின் கண்ணில் வலியும் ஆற்றலும் திறனும் சக்தியும் ஒன்றே.

விஞ்ஞானத்தின் கண்ணிலோ அவை வெவ்வேறு. நம் பாடநூல்களில் சக்தி ஒன்று, வலு மற்றொன்று. ஒரு வினாடியிற் செய்யப்படும் வேலையே வலு. கதிக்குத் திசையில்லை, வேகத்துக்குத் திசையுண்டு. சந்திரனுக்குக் கொண்டுசென்றால் ஒரு கல்லின் நிறை ஏறத்தாழ ஆறிலொன்றாகும். அதன் திணிவு அணுவளவும் மாறாது. இங்கு இனச்சொல் இடுவது அலங்காரமாகாது, புவியீர்ப்பையே ஒளித்துவிடுவதாகும்.

ஒரு கருத்துக்கு ஒரு சொல்லை நிறுத்தும் முயற்சி நம் மண்ணில் முன்னரே தொடங்கியது. வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மானிப்பாயில் மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணம் என்றெல்லாம் துறைகளுக்குப் பெயரிட்டு நூல்கள் ஆக்கினார். அப்பெயர்கள் இன்று வழக்கிலில்லை. மாணவர் தம் தாய்மொழியில் வைத்தியராயினர் என்பது போதும். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் தலைமை தாங்கினார். பின்னர் 1950களிலும் 1960களிலும் சுயமொழிக் கல்விக்கென இலங்கை அரசாங்கம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

ஆயின் கடலின் இரு கரைகளிலும் சொற்கள் வெவ்வேறாய் நிலைத்தன. நாம் திணிவு என்பதைத் தமிழ்நாட்டார் நிறை என்பர். நாம் நிறை என்பதை எடை என்பர். நம் வேகம் அவர்களுக்குத் திசைவேகம். நம் கதியே அவர்களின் வேகம். நம் வலுவை அவர்கள் திறன் என்பர். தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் எழுதப்பட்டிருப்பின் நம் மாணவனின் விடையில் ‘நிறை’ பிழையாகாது!

இதனை அறியாத வழிகாட்டி நூல்கள் இங்கு விலைப்படுகின்றன. அண்மையிற் கண்ட ஒன்று, பாடநூல் வாக்கியங்களை வரிக்கு வரி எடுத்து, இரண்டொரு சொல்லை மட்டும் மாற்றிப் புதுநூலென விற்கப்படுவது. ஓர் அதிகாரத்தில் இருகரைச் சொற்களும் கலந்து கிடந்தன. பட்டணத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு ஆசிரியர் அதனைத் திருத்திக் கொடுப்பார். கூலிக்குப் போகும் தாய் தன் ஒருநாட் சம்பளத்தைக் கொடுத்து வாங்கித் தந்த நூலைக் கிராமத்துப் பிள்ளை முழுவதும் நம்புகிறான்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, நூலை மூடிவிட்டு உந்தத்தை வாயாற் சொல்லும்படி கேட்டோம். வெறுமையான மாட்டுவண்டியையும் நெல் மூட்டை ஏற்றிய வண்டியையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, எதனை நிறுத்துதல் அரிது என்று அவனே விளக்கினான். ஓரிடத்திலேனும் பாடநூலின் வாக்கியம் வரவில்லை. திணிவு என்ற சொல் மட்டும் தன் இடத்தில் நின்றது.

விடைத்தாளில் அவ்வினாவுக்கு அவன் பெற்றது பூச்சியம். அதே தவணையில், அதே முறையிற் சொல் மாற்றி அவன் எழுதிய தமிழ்க் கட்டுரைக்கு நாம் பத்துக்கு எட்டுப் புள்ளி வழங்கியிருந்தோம்.