எட்டயபுரத்து வயலினும் ஆஸ்திரியக் கைவினைஞரும்

எட்டயபுரம் என்றால் பாரதியார் நினைவுக்கு வருவார். அடுத்து முத்துசுவாமி தீட்சிதர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரை (1786–1859) நம் கோவில்பட்டிப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். சென்னையில் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, ஆங்கிலேயரின் பேண்டு இசையில் ஈர்க்கப்பட்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். 1824-இல் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். ஆக, இந்தக் கரிசல் மண்ணுக்கு வயலின் வந்து 200 ஆண்டு ஆகிறது.

அதனால்தானோ என்னவோ, நம் ஊர்ப் பழைய வீட்டுப் பரண்களில் இன்றும் வயலின் பெட்டிகள் கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் தம் தாத்தாவின் வயலினை என்னிடம் எடுத்துவந்தார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், உள்ளே இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்வேன் என்ற நம்பிக்கை. துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். அச்சடித்த லேபிள், லத்தீன் மொழி: ‘யாக்கோபுஸ் ஸ்டைனர், அப்சாம்’. “சார், கோடிக்கணக்குல போகும்னு சொல்லுதாக. மக கல்யாணத்த முடிச்சிரலாம்” என்றார்.

ஸ்டைனர் உண்மையில் பெரிய ஆள்தான். இன்றைய ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில், அப்சாம் என்ற ஊர்க்காரர். 1669-இல், தடைசெய்யப்பட்ட லூத்தர் மத நூல்களின் விவகாரத்தில் சிறையில் கிடந்தார். 1683-இல் மறைந்தார். மேல்பலகை நன்றாகப் புடைத்து, இனிமையாக ஒலிப்பவை அவர் செய்த வயலின்கள். 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தாலியரான ஸ்ட்ராடிவாரியைவிட அவருக்கே மதிப்பு அதிகம். 1750-இல் இசைமேதை பாக் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் ஸ்டைனர் வயலின் 8 தாலர், இன்னொரு சாதாரண வயலின் 2 தாலர் என்று இருக்கிறது.

பிறகு காலம் மாறியது. அரண்மனை அறையில் நடந்த கச்சேரி பெரிய அரங்குகளுக்குப் போனது. கடைசி வரிசைக்கும் எட்டும் ஒலி வேண்டியிருந்தது. அதற்குத் தட்டையான பலகை கொண்ட ஸ்ட்ராடிவாரி வயலின்களே ஏற்றவை. 2011-இல் ‘லேடி பிளன்ட்’ என்ற ஸ்ட்ராடிவாரி, ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்காக ஏலம் விடப்பட்டு 1 கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 70 கோடி ரூபாய்க்கு மேல். அசல் ஸ்டைனருக்கு அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். கைவேலை மாறவில்லை, கேட்கும் இடம் மாறியது, விலையும் மாறியது.

இனி லேபிளுக்கு வருவோம். ஸ்டைனர் தம் லேபிளைக் கையால் எழுதியவர். அச்சடித்த லேபிள் என்றால், 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனி, மிட்டன்வால்ட் பகுதிகளில் ஆயிரக்கணக்கில் செய்த நகல் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. ‘ஸ்டைனர் மாடல்’ என்று காட்டத்தான் பல லேபிள்கள், ஜவுளிக்கடையில் ‘காஞ்சிபுரம் மாடல்’ சேலை என்பது போல. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. ஆனால், அந்த வயலின் வாசிக்கத் தக்கது என்பதையும் சொன்னேன்.

வயலினுக்குள் மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே சிறு மரக்குச்சி ஒன்று நிற்கும். பிரெஞ்சில் அதன் பெயர் ‘ஆம்’. ஆன்மா என்று பொருள். அது சாய்ந்துவிட்டால் ஒலி செத்துவிடும். நம் பக்கத்து வறண்ட காற்றில் மரம் சுருங்கி, ஒட்டு விட்டுப்போகும். அப்போது ஃபெவிகால் தடவாதீர்கள். வச்சிரப் பசைதான் முறை. பின்னால் ரிப்பேருக்குப் பிரிக்கவும் அதுதான் வசதி.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். லேபிளைப் பார்த்து யாராவது லட்சம், கோடி என்றால் மயங்க வேண்டாம். பழசுதானே என்று ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் தள்ளிவிடவும் வேண்டாம். விவரம் தெரிந்த ஒரு வித்வானிடம் காட்டிச் சரிசெய்து, பாட்டுப் படிக்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.