மன்னார்ப் பெருக்கமரம்

மரத்தின் வயதைக் கூட்டிச் சொல்வது மக்களின் பழைய வழக்கம். கீழ்க்கட்டளையில் நான் வாழும் இல்லத்திற்கு வடகிழக்கே, சில மைல் தொலைவில், அடையாற்று ஆலமரம் இருக்கிறது. பிரம்மஞான சபைத் தோட்டத்திலுள்ள அம்மரத்துக்கு வயது நானூற்றைம்பது என்பர். 1989ஆம் ஆண்டில் வீசிய புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகளே இன்று மரமாக நிற்கின்றன. பல சமயத்தாரின் வழிபாட்டிடங்களோடு ஒரு சிறு பள்ளிவாசலும் அவ்வளாகத்தில் உண்டு. என்னிடம் அரபு பயிலும் மாணவர் சிலரை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்றேன். அவர்களுள் மன்னாரில் உறவினர் உடைய ஒருவன், "ஹஜ்ரத், எங்கள் மன்னார் மரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதை நட்டவர்கள் அரபிகள்" என்று பெருமிதத்தோடு கூறினான்.

அவன் குறிப்பிட்டது இலங்கையின் மன்னார்த் தீவில், பள்ளிமுனை என்னும் ஊரில் நிற்கும் பெருக்கமரம். உயரம் அதிகமில்லை, ஆனால் அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். பெரியதொரு குதிரை மண்ணில் புதையுண்டு கிடப்பது போன்ற தோற்றம். கோடையில் இலையுதிர்ந்து நிற்கும்போது வேரை வானத்தில் வைத்துத் தலைகீழாக நட்டது போலிருக்கும். நெடுந்தீவிலும் இத்தகைய மரமொன்று உண்டு; அதன் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். தமிழகத்தில் பொந்தன்புளி, யானைப்புளி, பப்பரப்புளி என்றெல்லாம் வழங்கப்படுவது இம்மரமே.

இது நம் மண்ணின் மரமன்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. மேலை மொழிகளில் இதற்கு வழங்கும் 'பாவோபாப்' என்னும் பெயர் அரபுச் சொல்லின் திரிபு என்பது அறிஞர் கருத்து. 'பூ ஹிபாப்' என்றால் விதைகள் நிறைந்தது என்று பொருள். பூனைக்குட்டியைப் பேணிய நபித்தோழருக்கு அபூஹுரைரா என்னும் பெயர் அமைந்ததை வாசகர் அறிவர். தந்தை எனப் பொருள்படும் 'அபூ' இங்கெல்லாம் 'உடையவர்', 'உடையது' என்ற கருத்தையே தருகிறது. கெய்ரோவில் சில ஆண்டுகள் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் ஆல்பினி, 1592இல் வெளியிட்ட தம் நூலில் இக்கனியைக் குறித்து எழுதி, இப்பெயரை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார்.

ஆகவே பெயர் அரபு மொழி வழி வந்தது என்று கொள்ளலாம். மரமும் அரபியர் வழியே வந்ததா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

ஒட்டகத் தீனிக்காக அரபு வணிகர் இதனைக் கொண்டு வந்தனர் என்பது மன்னாரில் வழங்கும் செவிவழிச் செய்தி. தீனிக்காகக் கடல் கடந்து ஒரு மரத்தைக் கொண்டு வருவானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. இதன் கனியைப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படும். கெட்டியான ஓட்டுக்குள் புளிப்பான, மாவு போன்ற சதை உலர்ந்த நிலையில் நெடுநாள் கெடாதிருக்கும். வைட்டமின் சி அதில் மிகுதி. நெடும்பயணம் செய்யும் மாலுமிக்கு இதைவிட ஏற்ற கட்டுச்சோறு ஏது? ஆயினும் இதுவும் ஊகமே.

ஊகத்தை விட்டு ஆய்வுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில், பாராபங்கிக்கு அருகே கிந்தூர் என்னும் ஊரிலுள்ள இவ்வின மரத்தைப் பாரிஜாதம் என்று போற்றி, பாரதக் கதையின் குந்தியோடு இணைத்து இந்துப் பெருமக்கள் வணங்கி வருகின்றனர். (ஈரானின் இமாம் கொமெய்னியுடைய பாட்டனாரின் ஊரும் இதுவே.) கரிமக் கணிப்பின் வழி அம்மரத்துக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது என்று 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அப்படியாயின், வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வினம் இந்தியாவில் வேரூன்றிவிட்டது.

2015இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு நோக்கியது. இந்திய மரங்களுக்கு மிக நெருங்கிய சொந்தம் மொம்பாசா முதல் தாருஸ்ஸலாம் வரையிலான கடற்கரை மரங்கள் என்று அது கண்டது. அரபியரும் சுவாஹிலி முஸ்லிம்களும் நூற்றாண்டுக் கணக்கில் வணிகம் நடத்திய கரை அது. இதுவரை படித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே ஆய்வு, தென்கிழக்கு இந்தியாவில் எடுத்த மாதிரிகள் மேற்கு ஆப்பிரிக்க மரங்களோடு ஒத்திருப்பதாகவும், பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சியின் தொடர்புகளால் அவை வந்திருக்க வேண்டும் என்றும் உரைக்கிறது. அதாவது, நம் கரையில் நிற்பவற்றுள் சிலவேனும் சோனகர் நட்டவை அல்ல. இலங்கை மரங்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. மன்னார் மரத்தின் பூர்விகம் இன்னும் திறந்த கேள்விதான்.

இன்னொரு செய்தியும் அதிலுண்டு. நம்மவர் மேடைகளில் கூறாதது. ஆப்பிரிக்கக் கரையில் வெவ்வேறு வகை மரங்கள் கலந்து நிற்கும் இடங்கள் சில உள. உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் பாதையை அவை காட்டக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. அக்கொடிய வணிகத்தில் ஐரோப்பியரோடு அரபு வணிகருக்கும் பங்கிருந்தது. மரத்தின் பெருமையில் பங்கு கேட்கும் நாம் இதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

இவற்றை விளக்கியபோது மாணவனின் முகம் வாடியது. காரணம் எனக்குப் புரியாமலில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை ஒரே மாதத்துக்குள் வெளியேற்றியபோது, மன்னார் முஸ்லிம்களும் வீடு வாசல் இழந்து புத்தளத்துக்குப் போனார்கள். அவனுடைய உறவினரும் அவர்களுள் அடக்கம். 'எங்கள் முன்னோர் நட்ட மரம் அங்கே நிற்கிறது' என்பது அத்தகையோர் வாயில் வெறும் தற்பெருமையன்று; அந்த மண்ணில் தமக்குள்ள உரிமையைப் பற்றிய பேச்சு. ஆனால் உரிமைக்கு மரத்தைச் சாட்சியாக நிறுத்துவது ஆபத்து என்றேன். நாளை ஓர் ஆய்வாளர் மன்னார் மரத்தின் இலையைச் சோதித்து, இதைப் போர்த்துக்கீசியர் நட்டனர் என்று கூறினால், நம் மக்களின் வீடு நம்முடையதல்ல என்றாகிவிடுமா? தலைமுறை தலைமுறையாக அங்கே தொழுத பள்ளிகளும், அடக்கம் செய்த மையவாடிகளும், காணி உறுதிகளும் போதும்.

பிறகு இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். 1344ஐ ஒட்டி நம் தமிழகக் கரையில் இறங்கி, மதுரை சுல்தானைக் கண்டு சென்ற அதே பயணிதான், 1352இல் மாலி நாட்டுக்குச் செல்லும் வழியில் பெருமரங்களைக் காண்கிறார். பெயர் குறிப்பிடாவிடினும் அவை இவ்வினமே என்று அறிஞர் கருதுவர். ஒரு பயணக் கூட்டம் முழுவதும் ஒதுங்கக்கூடிய நிழல், பொந்துகளில் மழைநீர் தேங்கிக் கிணறு போல் பயன்படும், சிலவற்றில் தேன். ஒரு மரத்தின் உள்ளே நெசவாளி ஒருவர் தறி நாட்டி நெய்து கொண்டிருந்தாராம். கண்டு வியந்ததாக எழுதுகிறாரே தவிர, இத்தகைய மரத்தை மஅபரிலும் கண்டேன் என்று அவ்விடத்தில் அவர் ஒப்பிடவில்லை. மௌனத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது, ஆனால் கவனிக்கத்தக்கது.

மாணவன் அப்பகுதியை இருமுறை வாசித்தான். பின்னர், "மரத்துக்குள் இருந்தவர் என்ன நெய்தார், ஹஜ்ரத்?" என்று கேட்டான். நூலில் அது இல்லை என்றேன்.