எரிபொருள் தட்டுப்பாடும் பஸ் கட்டணமும்: வன்னியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பஸ் கட்டண உயர்வு எரிபொருள் விலையின் இயல்பான விளைவு என்பது எமது நாட்டிற் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்தாகும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. அவ்வாண்டுத் தொடக்கத்திற் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 121 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் டீசல், யூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. சனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் யூலையில் 40 ரூபாவாயிற்று. எண்கள் உண்மையே. ஆயின் அச்சுமை யார் தோளில் இறங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை எண்களல்ல, உடைமை உறவுகளே. இலக்கிய மாணவராகிய நாம் பஸ் கணக்கிலே தலையிடுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இக்கணக்கு வரலாற்றோடு பிணைந்தது.

1953 ஆகஸ்ட் 12 இல் நிகழ்ந்த ஹர்த்தாலை அரிசி விலையுடன் இணைத்தே நினைவுகூருகின்றோம். அவ்வேளையிற் புகையிரதக் கட்டணமும் உயர்த்தப்பட்டிருந்தமை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. 1958 சனவரி 1 அன்று தனியார் கம்பனிகளின் பஸ்கள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை இயங்கத் தொடங்கியதை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். நகர வழிகளிற் கிடைத்த வருவாய், பயணிகள் குறைந்த கிராம வழிகளைத் தாங்கிற்று. சபையில் அரசியல் நியமனங்கள் மலிந்திருந்தன என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும், 1973 இன் பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளத்தக்க ஒரு பொது நிறுவனமாவது இருந்தது.

1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் இப்பகிர்வைக் குலைத்தது. 1979 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட தனியார் பஸ்கள் இலாபம் தரும் வழிகளையும் நேரங்களையும் நாடின. எஞ்சியவை சபைக்கு விடப்பட்டன. பின்னர் அதுவே 'நட்டத்தில் ஓடும் நிறுவனம்' எனத் தூற்றப்பட்டது.

வன்னியின் அனுபவமோ வேறானது. 1990 களில் அங்கு நிலவிய எரிபொருட் பஞ்சம் சந்தை தந்ததன்று. அரசின் பொருளாதாரத் தடை தந்தது. சில துளி பெற்றோலிற் கிளப்பப்பட்ட வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெரும்பாலோருக்குத் துவிச்சக்கரவண்டியே வாகனமாயிற்று. 2002 இல் தடை நீங்கும்வரை இந்நிலை நீடித்தது. இதனை மக்களின் ஆக்கத்திறன் என்று போற்றுவோர் உளர். போற்றத்தக்கதுதான், ஆயினும் எரிபொருளின் விலையை அங்கே உழைப்பாளியின் கால்கள் செலுத்தின.

2022 யூலையில் மற்றொரு முரண் வெளிப்பட்டது. தனியார் பஸ்களுக்கும் சபையின் சாலைகளிலிருந்தே டீசல் வழங்க ஏற்பாடாயிற்று. இலாப வழிகளை இழந்து நலிந்த நிறுவனமே, அவ்வழிகளைப் பெற்றவர்களுக்கும் எரிபொருள் வழங்கவேண்டியதாயிற்று.

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம் போன்றதொரு விவசாயக் கிராமத்திற் கட்டணப் பிரச்சினை வேறு வடிவம் பெறுகின்றது. 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்கான வழி சுருங்கியது. ஆனால் வழி சுருங்குவதும் பஸ் வருவதும் ஒன்றல்ல. தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் கட்டணச் சூத்திரம் டீசல், டயர், சம்பளம் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றது. வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்து, ஈற்றிற் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு முச்சக்கரவண்டி பிடிப்பவர் கொடுக்கும் பணத்துக்கு அதிலே இடமில்லை.