கருப்பை வாய்ப் புற்றுநோய்: முதற்கட்டச் சோதனைக்குப் பின் நோயறிதல்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முதற்கட்டச் சோதனையில் 'மாறுதல் தெரிகிறது' என்று வரும் அறிக்கை, யாரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறதே தவிர, நோய் இன்னதென்று சொல்வதில்லை. பாப் ஸ்மியர், மேற்பரப்பிலிருந்து உதிர்ந்த செல்களைக் காட்டும். எச்.பி.வி. சோதனை, இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருப்பதை மட்டும் அறிவிக்கும். அந்த வைரஸும் பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடக்கூடியது. செல்கள் அடித்தளச் சவ்வைத் துளைத்துக் கீழுள்ள திசுவுக்குள் இறங்கியிருந்தால்தான் அது புற்றுநோய். தனித்தனியாக உதிர்ந்த செல்களில் இந்தச் சவ்வே இருக்காது. ஆகவே திசுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது.

எல்லா மாறுதலுக்கும் ஒரே அவசரம் இல்லை. ஸ்மியரில் ஐயத்துக்குரிய லேசான மாறுதல் மட்டும் இருந்தால், எச்.பி.வி. சோதனை செய்து, வைரஸ் இல்லையெனில் பிறகு மறுசோதனைக்கு வரச்சொல்லலாம். தீவிர மாறுதல் இருந்தாலோ, எச்.பி.வி. 16, 18 வகைகள் இருந்தாலோ, கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். ஆனால் கண்ணுக்கே புண்ணோ கட்டியோ தென்படும் பெண்ணுக்கு, ஸ்மியர் 'நார்மல்' என்று வந்திருந்தாலும் நேரடியாகத் திசுத் துணுக்கு (பயாப்ஸி) எடுக்க வேண்டும். கட்டியின் மேல் அழுகிய திசுவும் இரத்தமும் படிந்திருப்பதால் ஸ்மியர் அங்கே ஏமாற்றிவிடும். உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவதாகச் சொல்பவரையும் நல்ல ஸ்மியர் அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது.

கால்போஸ்கோப்பை 1925இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹின்செல்மன் உருவாக்கினார். இன்றும் முறை பெரிதாக மாறவில்லை. கருப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். உட்கரு பெருத்த செல்கள் நெருங்கியிருக்கும் இடம் வெளுக்கும். அழற்சியும் வெளுப்பைத் தரும் என்பதால் வெண்மை மட்டும் போதாது. விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, இரத்த நாளங்கள் புள்ளிகளாகவோ கட்டங்களாகவோ தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு லூகால் அயோடின். கிளைகோஜன் உள்ள இயல்பான பரப்பு கரும்பழுப்பாகும்; மாறுபட்ட பகுதி கடுகு மஞ்சளாகவே நிற்கும். அங்கிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளைக் கவ்வி எடுத்து ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மிக மோசமாகத் தெரியும் ஓரிடத்தில் மட்டும் எடுப்பதைவிட, இரண்டு மூன்று இடங்களில் எடுப்பதே நோயைத் தவறவிடாத வழி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நோய் தொடங்கும் எல்லைப் பகுதி உட்குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அப்போது குழாயின் உட்பரப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இப்படிச் சுரண்டக்கூடாது.

இத்தனை படிகள் எதற்கு, ஏழைப் பெண்கள் இரண்டாம் முறை மருத்துவமனைக்கு வருவதே அரிது, கண்ட இடத்திலேயே சிகிச்சை கொடுத்துவிடலாமே என்ற மறுப்பு வலுவானது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அசெட்டிக் அமிலச் சோதனை நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது; சோதனை பெற்ற குழுவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைவாக இருந்தது. செவிலியர்களே அதே வருகையில் உறைய வைக்கும் சிகிச்சையையும் அளித்தார்கள். ஆனால் அங்கேயும் கால்போஸ்கோப்பில் பார்த்து, பயாப்ஸியும் எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பயாப்ஸி வசதியில்லாத இடங்களில் உடனடிச் சிகிச்சை நியாயமே. ஆனால் மாறுதல் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இருக்கக்கூடாது. உள்ளே இறங்கிவிட்ட நோயின் மேற்பரப்பை மட்டும் உறையவைத்தால் நோய் மறைந்து வளரும்.

நேர்மாறான மறுப்பும் உண்டு: சந்தேகம் வந்தபின் காத்திருப்பானேன், கருப்பையையே எடுத்துவிடலாமே! நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மூன்றாம் நிலை முன்புற்றுக்கு (புற்றுநோயாக மாறக்கூடிய தீவிர மாறுதலுக்கு) சரியான சிகிச்சை பெறாத பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையின்றி விடக்கூடாது என்பதற்கு அது கொடிய சான்று. அதே சமயம், துல்லியமாக அறிந்துகொள்ளச் சில வாரங்கள் எடுக்கலாம் என்பதற்கும் சான்று. பயாப்ஸி ஐயத்தைத் தீர்க்காவிட்டாலோ, ஸ்மியர் தீவிரமாகவும் திசு லேசாகவும் வந்து முரண்பட்டாலோ, கருப்பை வாயில் கூம்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து ஆழத்தை அளக்கிறார்கள். பிற்காலத்தில் குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டக்கூடியது என்பதால் இளம்பெண்களுக்கு இதை அளவறிந்தே செய்ய வேண்டும். நோய் இறங்கிய ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, நாளங்களில் பரவாமலும் வெட்டிய விளிம்பு சுத்தமாகவும் இருந்தால், குழந்தை வேண்டுவோருக்கு அந்தக் கூம்பே சிகிச்சையாகிவிடும். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சென்றால் கணக்கு வேறு: எம்.ஆர்.ஐ., சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எடுத்து நிணநீர்க் கணுக்களையும் பார்க்க வேண்டும். 2018இல் திருத்தப்பட்ட சர்வதேச நோய்நிலை வகைப்பாட்டில் கணுப் பரவல் தனி நிலையாகவே சேர்க்கப்பட்டது. இந்தப் படிகளைத் தாண்டிச் சாதாரண முறையில் கருப்பையை எடுத்துவிட்டு, எடுத்த உறுப்பில் ஊடுருவிய புற்றுநோய் இருந்ததைப் பிறகு அறியும்போது, சுற்றுத் திசுவோடு அகற்றும் முறையான அறுவை கடினமாகிவிடுகிறது. பலருக்குக் கதிர்வீச்சைச் சேர்க்க வேண்டிவருகிறது. கருப்பை இல்லாத நிலையில் உள்கதிர்வீச்சுக் கருவியை வழக்கமான இடத்தில் பொருத்தவும் வழியிருப்பதில்லை.