பிள்ளை என்கிற அலமாரி

நூலகப் பட்டியல்களில் தமிழர் பெயர்கள் படுகிற பாடு தனிக்கதை. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் ஐரோப்பிய வழக்கம் நம்முடைய சாதிப் பட்டங்களின் மேல் வந்து உட்கார்ந்தபோது, ஐயரும் முதலியாரும் பிள்ளையும் ஆளுக்கொரு பெருங்குடும்பமாகிவிட்டார்கள். பிள்ளை என்கிற இடத்தில் தேடினால் நாட்குறிப்பு, நாவல், நாடகம், இலக்கணப் பதிப்பு, பஞ்சாங்க அட்டவணை எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும், ஏதோ ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினமாதிரி. ஆசிரியன் பெயர் பல பிரதிகளை ஒன்றுசேர்க்கும் வேலையைச் செய்கிறது என்றார் ஃபூக்கோ (1969). இங்கே பெயரின் வால் பல ஆசிரியர்களையே ஒன்றுசேர்த்துவிடுகிறது. இந்தச் சேர்க்கையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரிசையில் மூத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709 - 1761). புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷ். 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல், சரக்கு, லஞ்சம், முற்றுகை, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது என எல்லாம் இருக்கிறது. பிள்ளைன்னாலே வேளாளர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை முதலில் இடறிவிடுபவர் இவர்தான். இவர் பிறந்தது இடையர் சமூகத்தில். நாகசுரம் வாசித்த இசை வேளாளர்களும் இதே பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றால் அந்தப் பட்டத்துக்கு நிலம் வைத்திருந்தவர் தொனி கிடையாது. மரியாதையைக் கேட்டு வாங்குகிற தொனி. ஆக, இது ஒரு சாதியின் பெயர்கூட இல்லை. பல சாதிகள் ஏறிப்பார்த்த ஒரு படி.

இதைத் துல்லியமாகக் காட்டுவது 1891ஆம் ஆண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த இரண்டு பிள்ளைகளின் இரண்டு புத்தகங்கள் அந்த ஒரே ஆண்டில் வெளிவந்தன. பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ தமிழில், சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ மலையாளத்தில். ஒருவர் வேளாளர், மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். மற்றவர் நாயர், அங்கே பிள்ளை என்பது அரசன் வழங்கிய பட்டம். ஒருவர் லிட்டனின் கவிதைக் கதையை எடுத்துப் பாண்டிய நாட்டில் நட்டார். இன்னொருவர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வை மனசில் வைத்துத் திருவிதாங்கூர் வரலாற்றை நாவலாக்கினார். ராமன் பிள்ளையின் நாவலில் அரசனுக்கு எதிராகச் சதிசெய்யும் வில்லன்கள் யார் என்றால் எட்டுவீட்டுப் பிள்ளைமார்! பட்டம் தந்த அரச வம்சத்தின் பக்கம் நின்று, பட்டம் பெற்ற ஒருவர், பழைய பட்டக்காரர்களைத் தோற்கடிக்கிற கதை. சுந்தரம் பிள்ளைக்கோ அரசனைவிட மொழிதான் தெய்வம். அந்த வாழ்த்துப் பாடலையே 1970இல் தமிழக அரசு சில வரிகளை வெட்டிவிட்டு அரசுப் பாடலாக்கியது. ஒரே ஊர், ஒரே வருஷம், ஒரே வால். உருவான தேசங்கள் வேறுவேறு.

மதம் மாறினாலும் வால் மாறவில்லை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். நாவலின் தலைப்பிலேயே இன்னொரு பட்டம் உட்கார்ந்திருப்பதை யாரும் பெரிசா எடுத்துக்கிட்டதாத் தெரியலை. கி.பி. 700 முதல் 1799 வரைக்கும் நாள், நட்சத்திரம் கணித்து அட்டவணை போட்ட சாமிக்கண்ணுப் பிள்ளையும் கத்தோலிக்கரே. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரில் பிள்ளை என்பது ஒட்டு இல்லை, பெயருக்குள்ளேயே இருக்கிறது. தந்தை பெயர் வைரவநாதன். பட்டியல்காரர்கள் அதையும் பிய்த்துத் தனியே எடுத்துவிட்டார்கள்.

உள்ளுக்குள்ளே சண்டையும் உண்டு. கனகசபைப் பிள்ளை 1904இல் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய தமிழகத்தை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். சிலப்பதிகாரமும் அவருக்கு அந்தக் காலத்துச் சாட்சி. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த (1926 - 1936) வையாபுரிப் பிள்ளை அதே சிலப்பதிகாரத்தைப் பல நூற்றாண்டு கீழே இறக்கினார். வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. பட்டம் ஒன்றாக இருந்தால் கருத்தும் ஒன்றாக இருக்கும் என்று சாதியை வைத்துப் பிரதியை வாசிக்கிற நம்முடைய சுலப வாசிப்புகளுக்கு இந்த அலமாரி இடம் கொடுக்காது.

அப்படியானால் பொதுவாக என்னதான் இருக்கிறது? மடம், சுவடி, ஆங்கிலப் படிப்பு, சர்க்கார் வேலை இவற்றுக்குப் போகும் வழி. எல்லாருக்கும் எல்லாமும் இல்லை. ஏதோ ஒரு கதவு திறந்திருந்தது. அலமாரியில் யார் இல்லை என்று பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பெண்கள் இல்லை, அந்தப் பட்டம் ஆண்களுக்கானது, வீட்டுப் பெண்கள் ‘அம்மாள்’களாக வெளியே நின்றார்கள். தலித்துகள் இல்லை. திருக்குறள் சுவடியைத் தம் பாட்டனார் கந்தப்பன் எல்லிஸ் காலத்தில் கொடுத்துதவினார் என்று எழுதிவைத்த அயோத்திதாசர் வேறொரு தட்டில், ‘பண்டிதர்’ என்ற அடையோடு இருக்கிறார். சுவடி இருந்த வீடுகளில் பட்டம் இல்லாத வீடும் உண்டு என்பதுதான் அவர் சொன்னதின் சாரம்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. அது உயிரோடிருந்தவர்கள் தாமாகவே இழக்க முன்வந்த அரசியல். 2021இல் பள்ளிப் பாடநூலில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘மீனாட்சிசுந்தரனார்’ ஆனதும், நாமக்கல் கவிஞர் பெயரின் கடைசியிலிருந்து பிள்ளை போனதும் அந்தவகை இல்லை. செத்தவரால் எதையும் துறக்க முடியாது. வாலை வெட்டினால் சாதி போகாது. திருவாவடுதுறை மடத்தில் யார் பாடம் சொல்ல முடிந்தது, யார் வாசலில் நின்றார்கள் என்பதற்கான தடயம்தான் போகும். மாணவன் கையில் மிஞ்சுவது சாதியே இல்லாத ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு. இது யாருக்கு வசதி?

சுந்தரம் பிள்ளையும் ராமன் பிள்ளையும் புத்தகம் போட்டு இரண்டு வருஷம் கழித்து, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். பெயர் ‘பறையன்’. அதிலே வெட்டுறதுக்குப் பட்டம்னு தனியா ஒண்ணும் கிடையாது.